பயன் கடந்த கடன்

பால் கொடுக்கும் பசுவுக்குக் கொட்டில் கட்டுகிறோம். ஏர் இழுக்கும் எருதுக்கு வைக்கோல் சேர்க்கிறோம். வாசலில் படுத்துக் காவல் காக்கும் நாய்க்கு ஒரு பிடி சோறு வைக்கிறோம். பயன் தரும் உயிரைப் பேணுவதற்கு மனிதனுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால், பயன் ஒன்றும் தராத உயிருக்கு நாம் ஏதேனும் கடன்பட்டிருக்கிறோமா? முன்பு பயன் தந்து இன்று தராமற்போன உயிருக்கு? நம் வயலுக்கும் வலைக்கும் வருமானத்துக்கும் இடையூறாகவே ஓர் உயிர் வந்து நின்றால், அதற்கும் இம்மண்ணில் இடம் விட்டுத்தான் ஆக வேண்டுமா?

இவ்வினா இறையியல் வகுப்பறையில் மட்டும் எழுவதன்று. செங்கல்பட்டு மாவட்டத்தில் வாழும் நமக்கு இது வீட்டு வாசலிலேயே நிற்கும் வினா. வேடந்தாங்கல் ஏரியும் மாமல்லபுரம் கடற்கரையும் இதனை நம்மிடம் நெடுங்காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கின்றன.

வேடர் ஊரில் ஓர் உடன்படிக்கை

மதுராந்தகத்துக்கு அருகிலுள்ள வேடந்தாங்கல் ஏரியின் பரப்பு ஏறத்தாழ 30 ஹெக்டேர்தான். வேடர்கள் தங்கிய இடம் என்பது அவ்வூர்ப் பெயரின் பொருள். வேடர் பெயரைத் தாங்கிய ஊரே பறவைகளின் புகலிடமானது எவ்வாறு? பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கிலேயப் படைவீரர்கள் இவ்வேரிக்கு வந்து பறவைகளைச் சுட்டு வீழ்த்தினர். ஊரார் பொறுக்கமாட்டாமல் ஆட்சியரிடம் முறையிட்டனர். அக்காலத்து ஆட்சியர் லயனல் பிளேஸ். மதுராந்தகத்து 'ஏரி காத்த இராமர்' கதையில் வருகின்றவரும் இவரே. பறவைகளைக் காக்கும் உரிமையை ஊராருக்கு அளித்து 1798-இல் அவர் 'கவுல்' என்னும் உறுதிச் சீட்டு வழங்கினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. 1858-இல் அவ்வுரிமை புதுப்பிக்கப்பட்டது. 1936-இல் ஏரி சரணாலயமாக ஏற்கப்பட்டது. 1998-இல் ஏரியும் அதனைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் தொலைவு வரையுள்ள நிலமும் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ்ச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. 2022-இல் வேடந்தாங்கலும் அருகிலுள்ள கரிக்கிலியும் ராம்சார் உடன்படிக்கையின்படி பன்னாட்டுச் சிறப்புடைய ஈரநிலங்கள் என ஏற்கப்பட்டன.

அமெரிக்காவில் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா அமைந்ததே 1872-இல்தான் என்பதை நினைத்துப் பார்த்தால், எழுத்தறியாத உழவர்கள் பலர் வாழ்ந்த ஒரு சிற்றூர் எவ்வளவு முன்னே சென்றது என்பது விளங்கும். இவ்வரலாற்றின் தொடக்கத்தில் நிற்பது சட்டமன்று, அரசுமன்று. துப்பாக்கி ஏந்திய படைவீரர் முன் பறவைக்காக வழக்காடத் துணிந்த ஓர் ஊர்.

எருவும் உரமும்

அவ்வூரார் ஏன் வழக்காடினர்? அவர்களை அளவுக்கு மீறிப் புகழ்வதும் உண்மைக்குச் செய்யும் நீதியாகாது. அவர்களுக்குப் பறவையால் பயன் இருந்தது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரி நிரம்புகிறது. நீருக்குள்ளேயே வேரூன்றி நிற்கும் நீர்க்கடம்ப மரங்களிலும் கருவேல மரங்களிலும் பறவைகள் கூடு கட்டுகின்றன. சுற்றிலும் நீர் சூழ்ந்திருப்பதால் தரைவழி வரும் பகை விலங்குகள் கூட்டை நெருங்குவது அரிது. நத்தைகுத்தி நாரை, கூழைக்கடா, அரிவாள்மூக்கன், நீர்க்காகம், பாம்புத்தாரா, கொக்கு, வக்கா என ஆயிரக்கணக்கில் அவை ஒரே மரத்தொகுதியில் அடுக்குவீட்டாரைப்போல் குடியிருக்கின்றன. பலரும் எண்ணுவதுபோல இங்குக் கூடு கட்டுபவை அயல்நாட்டுப் பறவைகள் அல்ல, இந்நாட்டுப் பறவைகளே. நீலச்சிறகி, ஊசிவால் வாத்து போன்றவைதாம் இமயத்துக்கும் அப்பாலுள்ள குளிர்நிலங்களிலிருந்து பனிக்காலத்தைக் கழிக்க வருகின்றன; அவை இங்கு முட்டையிடுவதில்லை.

இத்தனை பறவைகளின் எச்சமும் ஏரி நீரில் கலக்கிறது. தழைச்சத்தும் மணிச்சத்தும் நிறைந்த அந்நீர் மதகு வழியே ஆயக்கட்டு வயல்களுக்குப் பாய்கிறது. விலை கொடாமல் வந்த எரு அது. பறவை ஊருக்கு எரு தந்தது. ஊர் பறவைக்குக் காவல் தந்தது. இருதரப்புக்கும் நன்மையான ஓர் ஒப்பந்தம்.

ஆனால் காலம் மாறியது. பசுமைப் புரட்சிக்குப்பின் யூரியா மூட்டை எல்லா ஊர்க் கடைகளிலும் வந்திறங்கியது. ஆழ்துளைக் கிணறுகளும் மின்மோட்டார்களும் பெருகின. பறவை எச்சத்தை நம்பி நெல் விளைவித்த நிலை தளர்ந்தது. பறவையோ, தன் பங்குக்கு, முன்போலவே வந்துகொண்டிருக்கிறது. இப்போது கேட்போம்: பறவை தரும் பயன் குறைந்தால், ஊர் தந்த வாக்கும் அந்த அளவுக்குக் குறையுமா?

2020-இல் இவ்வினா வெளிப்படையாகவே எழுந்தது. ஏரியைச் சுற்றியுள்ள ஐந்து கிலோமீட்டர் சரணாலய எல்லையை மூன்று கிலோமீட்டராகச் சுருக்கலாம் என்னும் முன்மொழிவு அரசுத் தரப்பிலிருந்து வந்தது. கடும் எதிர்ப்பு எழுந்தபின் அது திரும்பப் பெறப்பட்டது. ஏரி இருக்கிறது, மரங்கள் இருக்கின்றன; சுற்றியுள்ள நிலம் பறவைக்கு எதற்கு என்று கேட்போர் இன்றும் உளர். பறவை ஏரியில் உறங்குகிறது. உண்பதோ சுற்றுவட்டார ஏரிகளிலும் நெல்வயல்களிலும். நத்தைகுத்தி நாரை தன் குஞ்சுக்கு ஊட்டும் நத்தை அயலூர் வயலில் கிடைப்பது. ஏரி அதன் வீடு என்றால், சுற்றுப்புறம் அதன் அடுப்பங்கரை. அடுப்பங்கரையை இடித்துவிட்டு, வீட்டை விட்டுவைத்தோம் என்று சொல்வது என்ன நியாயம்?

பயன் என்னும் அளவுகோல்

பயனைக் கொண்டே எல்லாவற்றையும் அளப்போம் என்று வாதிடுவோர்க்கு முதலில் ஒன்று சொல்ல வேண்டும். பயன் எது என்பதே நமக்கு முழுமையாகத் தெரியாது. பிணந்தின்னிக் கழுகை விரும்பியவர் எவர்? அதற்காக வழக்காடிய ஊர் எது? மாடுகளுக்குக் கொடுத்த டைக்ளோஃபினாக் என்னும் வலி மருந்து, இறந்த மாட்டின் உடல்வழியே கழுகுகளைக் கொன்றது. 1990-களில் தொடங்கிய அழிவில் இந்தியாவின் வெண்முதுகுக் கழுகுகளில் நூற்றுக்கு ஒன்றுகூட எஞ்சவில்லை. 2006-இல் கால்நடைகளுக்கு அம்மருந்தைப் பயன்படுத்துவது தடை செய்யப்பட்டது. அழுகிய உடல்களை அப்புறப்படுத்தி நாட்டைத் தூய்மை செய்துவந்தவை அவையே என்பதை, அவை வானத்திலிருந்து மறைந்த பின்னரே நாம் உணர்ந்தோம். இழந்தபின் தெரியும் பயனைக் கொண்டு இழக்குமுன் முடிவெடுப்பது எப்படி?

எனினும் இந்த விடையோடு நின்றுவிடக் கூடாது. "இன்று தெரியாவிட்டாலும் என்றேனும் பயன்படும், ஆகவே காப்போம்" என்பதும் ஒருவகைக் கணக்கே. அந்தக் கணக்கில், என்றுமே பயன்படாது என்று உறுதியான உயிரை அழித்துவிடலாம் என்றாகிறது. கிறிஸ்தவ அறம் இதைவிட ஆழமான அடித்தளத்தைக் கேட்கிறது.

ஆளுகையும் ஊழியமும்

மண்ணையும் உயிர்களையும் ஆண்டுகொள்ளும்படி கடவுள் மனிதனுக்குச் சொன்னதாகத் தொடக்கநூலின் முதல் அதிகாரம் கூறுகிறது. இதனைக் காட்டி, இயற்கையைச் சூறையாடும் போக்குக்கு விவிலியமே வித்திட்டது என்று நம்மைக் குறை கூறுவோர் உண்டு. அவர்களுக்கு விடை அடுத்த அதிகாரத்திலேயே இருக்கிறது. ஏதேன் தோட்டத்தில் மனிதன் எதற்காக வைக்கப்பட்டான் என்பதைச் சொல்லும் இடத்தில் எபிரேய மூலத்தில் இரு வினைச்சொற்கள் வருகின்றன. ஒன்று ஊழியம் செய்வதையும், மற்றொன்று காவல் காப்பதையும் குறிக்கும். எண்ணிக்கை நூலில், திருக்கூடாரத்தில் லேவியர் ஆற்றும் பணியைக் குறிக்கவும் இவ்விரு சொற்களே வருகின்றன. அப்படியானால் தோட்டக்காரனின் வேலை ஒரு வழிபாட்டுப் பணி. பீடத்தைத் துடைப்பவன் பீடத்துக்கு உரிமையாளன் ஆகிவிடுவதில்லை.

மேலும், மனிதன் படைக்கப்படுவதற்கு முன்பே கடவுள் தம் படைப்பை நோக்கி, நல்லதெனக் கண்டார். நீந்துவனவும் பறப்பனவும் நல்லவை என்னும் தீர்ப்பு வெளிவந்தபோது அவற்றைப் பயன்படுத்த மனிதன் ஒருவன்கூட இல்லை. அவற்றின் நன்மை நமக்கு முந்தியது. வெள்ளப்பெருக்குக்குப்பின் நோவாவோடு செய்த உடன்படிக்கையில் கடவுள் பறவைகளையும் விலங்குகளையும் பெயர் சொல்லிச் சேர்த்துக்கொண்டார். அவற்றிடமிருந்து எதையும் அவர் எதிர்பார்க்கவில்லை. எருவுக்கு ஈடாகக் காவல் என்பது மனிதரின் கவுல். ஈடு ஒன்றும் கேளாதது இறைவனின் கவுல்.

இணைச்சட்ட நூலில் நம்மில் பலரும் கவனியாத ஒரு சிறு சட்டம் உண்டு. வழியில் பறவைக் கூடு ஒன்றைக் கண்டால், குஞ்சுகளோடு தாயையும் சேர்த்துப் பிடிக்கலாகாது. தாயைப் போகவிட வேண்டும் என்பது அது. பயன்படுத்துவதை அச்சட்டம் தடுக்கவில்லை. ஆனால் பயனுக்கு ஒரு வரம்பு கட்டுகிறது. அதனைக் கடைப்பிடிப்போர்க்கு வாக்களிக்கப்படுவது நலமும் நீடிய ஆயுளும். தாய் தந்தையைப் போற்றுவோர்க்கும் வாக்களிக்கப்பட்ட அதே கைம்மாறு! பெற்றோரைப் பேணுவதும் கூட்டிலிருக்கும் தாய்ப்பறவைக்கு இரங்குவதும் ஒரே தட்டில் வைக்கப்பட்டிருக்கின்றன.

ஆண்டவர் இயேசு சிட்டுக்குருவியைப் பற்றிச் சொன்னதையும் இங்கு எண்ணிப் பார்க்கலாம். மத்தேயு நற்செய்தியில் காசு ஒன்றுக்கு இரண்டு குருவிகள். லூக்காவிலோ காசு இரண்டுக்கு ஐந்து. அப்படியானால் ஐந்தாவது குருவி கொசுறு. சந்தையில் அதற்கு விலையே இல்லை. அந்தக் கொசுறுக் குருவியையும் கடவுள் மறப்பதில்லை என்கிறார் ஆண்டவர். மனிதர் குருவிகளைவிட மேலானவர் என்று அவர் சொன்னது உண்மை. ஆனால் மேலானவர் என்று சொல்வது மற்றது வீண் என்று சொல்வதாகாது.

பன்மையின் பொருள்

படைப்பில் ஏன் இத்தனை வகை? பறவை ஒன்று போதாதா? நாரை, கொக்கு, வக்கா என நுணுக்கமான வேறுபாடுகள் எதற்கு? புனித அக்குவினா தோமா தமது 'இறையியல் தொகுப்பு' நூலில் இவ்வினாவை எழுப்பி விடை காண்கிறார். கடவுளின் நன்மை எல்லையற்றது. அதனைத் தனி ஒரு படைப்பால் போதிய அளவு எடுத்துக்காட்ட இயலாது. ஆகவே ஒன்றில் குறைவதை மற்றொன்று நிறைவு செய்யும்படி அவர் பலவற்றைப் பலவிதமாகப் படைத்தார் என்பது அவர் தரும் விளக்கம். இன்று அறிவியலார் பல்லுயிர் வளம் என்று சொல்வதற்கு, ஏழரை நூற்றாண்டுகளுக்கு முன்பே ஒரு துறவி கண்ட இறையியல் காரணம் இது. இந்த நோக்கில், ஓர் உயிரினம் அடியோடு அழிவது இறைவனைப் பற்றி நமக்குச் சொல்லப்பட்ட ஒரு சொல் அழிவதாகும்.

இதே தோமா, விலங்குகளுக்குப் பகுத்தறிவு இல்லை என்பதால், அவற்றுக்குக் கொடுமை செய்வதை, மனிதரிடமும் கொடுமை செய்யப் பழக்கிவிடும் என்னும் காரணத்தாலேயே பெரிதும் கண்டித்தார் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. அந்த இடத்திலிருந்து திருச்சபை மேலும் நடந்து வந்திருக்கிறது. ஒவ்வொரு படைப்புக்கும் அதற்கே உரிய நன்மை உண்டென 1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் கற்பிக்கிறது. உயிரினங்களை நமக்கு உதவும் பொருள்களாக மட்டும் எண்ணுவது போதாது என்பதை மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'லௌதாத்தோ சீ' சுற்றுமடலில் வற்புறுத்தினார்.

இதனை நம் மண்ணும் அறிந்தே இருந்தது. மாமல்லபுரத்தில், அர்ச்சுனன் தவம் என்றும் கங்கை இறங்கிய காட்சி என்றும் சொல்லப்படும் ஏழாம் நூற்றாண்டுப் பாறைச் சிற்பத்தைப் பலமுறை பார்த்திருப்பீர்கள். தேவரும் முனிவரும் நிற்கும் அதே பாறையில் யானையும் குட்டிகளும் நிற்கின்றன. பூனை ஒன்று தவம் செய்கிறது. எலிகள் அதைச் சுற்றி நிற்கின்றன. கீழே ஒரு மான் பின்னங்காலைத் தூக்கி மூக்கைச் சொறிகிறது. கதைக்கு அந்த மானால் யாதொரு பயனும் இல்லை. ஆயினும் சிற்பி அதற்கு இடம் விட்டான். வள்ளுவரும், உணவைப் பகிர்ந்து உண்டு பல உயிர்களையும் பேணுவதே நூலோர் தொகுத்த அறங்களுள் தலையாயது என்றார். பயன் தரும் உயிர்களை மட்டும் பேணுமாறு அவர் வரையறுக்கவில்லை.

சுமையை யார் சுமப்பது?

இவ்வளவும் சொல்லி, இங்கேயே முடித்துவிட்டால் அது எளிதான அறமாகிவிடும். பறவைக்கு இடம் விடுவோம் என்று சொல்வது எளிது, யாருடைய இடத்தை? சரணாலய எல்லைக்குள் நிலம் வைத்திருப்பவர்க்கு அந்நிலத்தைப் பயன்படுத்துவதில் கட்டுப்பாடுகள் உண்டு. விடுமுறை நாளில் நகரத்திலிருந்து வருகிறவர் தொலைநோக்கியில் பார்த்து மகிழ்ந்து, படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார். அங்கேயே தங்கி வாழ்கிற உழவர் அல்லவா கட்டுப்பாட்டைச் சுமக்கிறார்?

கடற்கரையிலும் இதே நிலை. தை மாதம் தொடங்கிப் பங்குனி வரை நம் கரையில் முட்டையிட வருகிறது பங்குனி ஆமை. கடலில் வாழ்ந்தாலும் அது நுரையீரலால் மூச்சு விடும் உயிர். இழுவை வலையில் சிக்கி நெடுநேரம் மேலே வர இயலாமற் போனால் மூழ்கி இறந்துவிடும். 2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டுக் கடற்கரைகளில் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கின. உடனே மீனவர்மீது பழி போடுவது நகரத்தாருக்கு வழக்கம். ஆனால் எல்லா மீனவரும் ஒரே வலையை வீசுவதில்லை. கரையை ஒட்டிய கடற்பகுதியைச் சிறுபடகு மீனவர்க்கென ஒதுக்கி, விசைப்படகுகளை அதற்கு அப்பால் தொழில் செய்யுமாறு 1983-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் பணிக்கிறது. அந்த வரம்பு மீறப்படும்போது கரையோரத்தில் சாவது ஆமை. வலை அறுந்து, மீன் இழந்து நிற்பவர் சிறுபடகு மீனவர். இருவருக்கும் இழைக்கப்படும் அநீதி ஒன்றே.

ஓர் உயிரைக் காக்கும் சட்டம் ஓர் ஏழையின் அடுப்பை அணைத்ததும் உண்டு. பாம்புத் தோலுக்காகப் பாம்பு பிடித்து வாழ்ந்தவர்கள் இருளர்கள். 1972-ஆம் ஆண்டுச் சட்டமும் அதனைத் தொடர்ந்த தோல் ஏற்றுமதித் தடையும் பாம்பைக் காத்தன. இருளரின் பிழைப்பை முடக்கின. பாம்பா, இருளரா என்று கேட்டுக் கைவிரிக்காமல் வேறொரு வழி தேடப்பட்டது. 1978-இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. மாமல்லபுரம் சாலையிலுள்ள வடநெம்மேலியில் இன்று அச்சங்கத்தார், பிடித்த பாம்பிலிருந்து நஞ்சை எடுத்தபின் அதனை உயிரோடு திரும்பவும் விட்டுவிடுகின்றனர். அந்த நஞ்சிலிருந்து உருவாகும் மருந்து நாடெங்கும் பாம்புக்கடிபட்டவரைப் பிழைக்க வைக்கிறது. 2023-இல் இருளர்களான வடிவேல் கோபால், மாசி சடையன் இருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. மனிதகுலம் தொன்றுதொட்டு வெறுத்த உயிரும், சமூகம் ஒதுக்கிவைத்த மக்களும் ஒருங்கே வாழ வழி உண்டென்பதற்கு நம் மாவட்டமே சான்று.

யோனா நூல் முடியும் விதம் இங்கு நினைவுக்கு வருகிறது. நினிவே அழியவில்லையே என்று முகம் வாடிய இறைவாக்கினரிடம், அந்நகரின் மக்கள் தொகையைச் சொன்ன கடவுள், அங்குள்ள கால்நடைகளையும் கூடவே சேர்த்துச் சொல்கிறார். மனிதருக்கு இரங்குவதா, விலங்குக்கு இரங்குவதா என்னும் போட்டி அவரிடம் இல்லை. நம்மிடம் அப்போட்டி எழுகிறது என்றால், பெரும்பாலும் மூன்றாவது ஒருவர் எங்கோ இருந்துகொண்டு, தமக்குரிய சுமையை ஏற்காமல் இருக்கிறார் என்றே பொருள்.

நாம் செய்யத்தக்கது

ஆகவே, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு விடை இதுவே: ஆம், கடன்பட்டிருக்கிறோம். பயன் அந்தக் கடனுக்கு வாயிலாக இருக்கலாம்; காரணமாக இருக்க வேண்டியதில்லை. தாயின் பாலுக்காக அவளை நாடும் குழந்தை, பால்குடி மறந்தபின் அவளை மறந்துவிடுவதில்லை. வேடந்தாங்கல் உழவர் எருவுக்காகத் தொடங்கிய உறவும் இருநூறு ஆண்டுப் பழக்கத்தில் எருவைக் கடந்துவிட்டது. அந்த வளர்ச்சிக்கே அறம் என்று பெயர். அக்கடனின் சுமையை ஏரிக்கரை உழவரும் கரையோர மீனவரும் மட்டும் தாங்குமாறு விட்டுவிடாமல், பயனடையும் அனைவரும் பகிர்ந்துகொள்வது நீதியின் பாற்பட்டது.

பங்கு மக்களாகிய நாம் செய்யக்கூடியவை சிறியவை, ஆனால் செய்யக்கூடியவை. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிப் பறவைச் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், பறவைகள் அஞ்சும் என்று பல ஆண்டுகளாகத் தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. தங்கள் பண்டிகை மகிழ்ச்சியில் ஒரு பகுதியைப் பறவைக்கு விட்டுக்கொடுத்த பிற சமயத்தார் அவர்கள். நம் திருவிழாக்களில் பட்டாசுக்கும் வாணவேடிக்கைக்கும் செலவாகும் தொகையை எண்ணிப் பார்க்க இது போதுமான தூண்டுதல் அன்றோ? கோவில் வளாகத்தில் நிழல் தரும் பழைய மரத்தை வெட்டிச் சிமென்ட் தளம் போடுமுன் பங்குப் பேரவை ஒருமுறைக்கு இருமுறை கூடிப் பேசட்டும். கல்லறைத் தோட்டத்தின் ஓரத்தில் புதரும் பொந்தும் சிறிது இருந்துவிட்டுப் போகட்டும். ஏரிக்கரையில் இடம் மலிவாக வருகிறது என்றால், அந்த ஏரி யாருடையது என்று வாங்குமுன் கேட்போம். ஒப்புரவு அருட்சாதனத்துக்கு ஆயத்தம் செய்யும்போது, அயலாருக்கு எதிராகச் செய்தவற்றோடு, பேச வாயில்லா உயிர்களுக்கு எதிராகச் செய்தவற்றையும் ஆராய்வோம்.

வானத்து நாரைகூடத் தான் வர வேண்டிய காலத்தை அறிந்திருக்கிறது, என் மக்களோ அறியவில்லை என்று இறைவாக்கினர் எரேமியா வழியாக ஆண்டவர் வருந்தினார். மழை பெய்து ஏரி நிரம்பும் ஒவ்வோர் ஆண்டும் நாரை தன் பங்கை நிறைவேற்ற வேடந்தாங்கலுக்கு வருகிறது. அந்தப் பழைய கவுலைப் புதுப்பிக்க வேண்டிய முறை இப்போது நம்முடையது.